மே கொண்டுபோன சோளக்கதிர்: ‘டோட்டோரோ’ படத்துக்கு பியாஜேயை எப்படிப் பொருத்துவது?

தேன்மொழி (பி.எட். முதலாண்டு) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு அசைன்மென்ட்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். குழந்தைகள் வரும் குடும்பப் படம் ஒன்றை எடுத்து, அதிலுள்ள பாத்திரங்களை பியாஜேயின் அறிதிறன் வளர்ச்சிக் கோட்பாட்டோடு பொருத்தி எட்டுப் பக்கம் எழுத வேண்டும். (பிள்ளைகளின் சிந்தனை வயதோடு நாலு நிலைகளாக வளர்கிறது என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே சொன்னது அது.) நான் எடுத்தது ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் அனிமேஷன் படம் ‘மை நெய்பர் டோட்டோரோ’. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அக்காவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள், சின்னவளுக்கு நாலு வயது, பெரியவளுக்கு ஒன்பது. சனிக்கிழமை என்றால் அந்த வீட்டில் இந்தப் படம்தான். எனக்கு ஜப்பானிய மொழியில் ஒரு சொல் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் யார் கத்துவார்கள் என்பது மனப்பாடம்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: 1950களின் ஜப்பான், டோக்கியோவுக்கு வெளியே ஒரு கிராமம். அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அப்பாவுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. சாட்சுகி என்ற அக்காவும் மே என்ற நாலு வயதுத் தங்கையும் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். பக்கத்தில் பெரிய கற்பூர மரம், அதற்குள் டோட்டோரோ என்ற ரோமப் பிராணி. ஒருநாள் ஆஸ்பத்திரியிலிருந்து தந்தி வருகிறது. அம்மா இந்த வாரம் வீட்டுக்கு வர முடியாது என்றதும் ரகளை. கடைசியில் மே ஒரு சோளக்கதிரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள், தொலைந்துபோகிறாள்.

நான் எழுதியதன் சுருக்கம் இது. மேயின் வயது 4, அதனால் மனச்செயல்பாட்டுக்கு முந்தைய நிலை (2 முதல் 7 வயது). சான்றுகள்: அந்தப் பழைய வீட்டில் ஓடித் திரியும் கரிப்பொடி உருண்டைகளையும் டோட்டோரோவையும் பார்க்கிறாள், எனவே அனிமிசம். தான் சொல்வதை எல்லாரும் நம்ப வேண்டும் என்கிறாள், அம்மா உடனே வர வேண்டும் என்று அடம் பிடிக்கிறாள், எனவே தன்மைய நோக்கு, அதாவது சுயநலம். சோளம் கொடுத்தால் நோய் தீரும் என்கிறாள், எனவே தர்க்கம் இல்லை. சாட்சுகிக்குப் பத்து பதினோரு வயது, எனவே அதற்கு அடுத்த பருப்பொருள் செயல்நிலை (7 முதல் 11 வயது, கண்முன் இருப்பதை வைத்துத் தர்க்கமாக யோசிப்பது). சான்று: சமைக்கிறாள், சாப்பாடு கட்டுகிறாள், அப்பாவுக்கு போன் செய்கிறாள்.

மேடம் சிவப்பு மையில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார்: “வயதைப் பார்த்து நிலையை ஒட்டியிருக்கிறாய். சான்று எங்கே?” நான் சான்று என்று நினைத்துத்தானே இத்தனையும் எழுதினேன்? எங்கே தப்பு?

*

ரீல்பெட்டி எழுதியது:

உளவியல் நமக்கு ஆகாது, படத்தைப் பற்றி ஒரு தகவல் மட்டும். 1988 ஏப்ரலில் வந்த படம். முதலில் யோசித்த கதையில் ஒரே ஒரு சிறுமிதான். பிறகுதான் அவளை அக்கா, தங்கை என்று இரண்டாகப் பிரித்தார்கள். போஸ்டரில் பஸ் ஸ்டாப்பில் டோட்டோரோ பக்கத்தில் நிற்பது பாருங்கள், ஒரே பெண். படத்திலோ அந்த இடத்தில் சாட்சுகி தங்கையை முதுகில் சுமந்துகொண்டு நிற்பாள். பெயர்களும் அப்படித்தான். மே என்பது ஆங்கில மே மாதம், சாட்சுகி என்பது ஐந்தாம் மாதத்துக்குப் பழைய ஜப்பானியப் பெயர். ஒரே பிள்ளையை இரண்டு வயதில் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்தி வைத்ததுபோல் ஆகிவிட்டது. உங்கள் எட்டுப் பக்கத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

*

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

தேன்மொழி, உன் மேடம் சொன்னது சரிதான் கண்ணு, வருத்தப்படாதே. நான் முப்பத்தொரு வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள். பேத்தியோடு உட்கார்ந்து இந்தப் படத்தை நானும் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று.

வயது தெரிந்தால் நிலை தெரியும் என்றால் படம் எதற்கு? பிறப்புச் சான்றிதழ் போதுமே. பியாஜே எங்கே தொடங்கினார் என்று பார். 1920 வாக்கில் பாரிசில் பிள்ளைகளுக்கான அறிவுச் சோதனைக் கேள்விகளைத் தரப்படுத்தும் வேலை அவருக்கு. சரியான விடைகளை எண்ணிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். அவரோ தப்பு விடை சொன்ன பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, ‘ஏன் அப்படிச் சொன்னாய்’ என்று கேட்க ஆரம்பித்தார். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்வது அப்படித்தான் அவர் கண்ணில் பட்டது. ஆகவே படத்தில் நீ தேட வேண்டியது தப்பை. அந்தத் தப்புக்குப் பின்னால் இருக்கும் கணக்கை.

ஆனால் எதைத் தப்பு என்று சொல்வாய்? இங்கேதான் நீ வழுக்கிவிட்டாய். டோட்டோரோவைப் பார்ப்பதை அனிமிசம் என்று எழுதியிருக்கிறாய். அனிமிசம் என்றால் உயிரில்லாததற்கு உயிர் இருப்பதாக நினைப்பது. நிலா என் கூடவே வருது என்று பிள்ளைகள் சொல்வார்களே, அது. இந்தப் படத்தின் உலகத்தில் டோட்டோரோவுக்கு உயிர் உண்டு. பத்து வயது தாண்டிய சாட்சுகி மழையில் அவனுக்குக் குடை கொடுக்கிறாள், அவன் வாங்கிக்கொள்கிறான். கரிப்பொடி உருண்டைகளைச் சின்ன வயதில் தானும் பார்த்ததாகப் பக்கத்து வீட்டுப் பாட்டியே சொல்கிறார். படம் பிள்ளைகள் கட்சி. படம் உண்மை என்று வைத்திருப்பதை நீ மேயின் அறியாமைக் கணக்கில் எழுதினால், மேடம் சிவப்பு மையைத் தேடத்தான் செய்வார். அந்த உலகத்துக்குள்ளேயே எது தப்பாகப் போகிறது என்று பார்.

டோட்டோரோவை விட மனசில்லை என்றால் பெயரை எடுத்துக்கொள். மே அவன் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டு நீ யார் என்று கேட்கிறாள். அவன் ஊளையிட்டு உறுமுகிறான். அந்த உறுமல் அவள் காதில் ‘டோட்டோரோ’ என்று விழுகிறது. பிறகு சாட்சுகி, கதைப்புத்தகத்தில் வருமே ட்ரோல், அதையா சொல்கிறாய் என்று கேட்டால் ஆமாம் என்கிறாள். முன்பின் பார்த்திராத ஒன்றை, ஏற்கெனவே மனசில் இருக்கும் படப்புத்தகப் பூதத்தின் பெட்டிக்குள் போட்டுவிட்டாள். உங்கள் புத்தகத்தில் தன்வயப்படுத்துதல் என்று இருக்கும். (டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கான கைடுக்குக் கைடு தமிழ்ப் பெயர் மாறுகிறது. உன் மேடம் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறாரோ அதையே எழுது, மார்க் முக்கியம்.) பெட்டியில் போட்டாலும் அவன் அதில் அடங்கவில்லை, இந்தப் பூதம் கடிக்கவில்லை, தூங்குகிறது. அப்போது பெட்டியை மாற்ற வேண்டியதாகிறது. இந்த ஒரு காட்சிக்கே ஒரு பக்கம் எழுதலாம்.

அப்புறம் தன்மைய நோக்கு. அதைச் சுயநலம் என்று எழுதியதை முதலில் அடித்துவிடு. நான் பார்க்கிற பக்கத்திலிருந்துதான் நீயும் பார்க்கிறாய் என்று நினைப்பதுதான் அது, குணக்கேடு இல்லை. பியாஜேயும் அவரோடு வேலை செய்த இன்ஹெல்டரும் மேஜைமேல் மூன்று மலை வைத்து, எதிரே இருக்கும் பொம்மைக்கு எது தெரியும் என்று பிள்ளைகளைக் கேட்டார்கள். சின்னப் பிள்ளைகள் பலர் தங்களுக்குத் தெரிவதையே காட்டினார்கள். சரி. ஆனால் 1975இல் மார்ட்டின் ஹியூஸ் என்பவர் அதையே போலீஸ்காரப் பொம்மையை வைத்துச் செய்தார். போலீஸ் பார்க்காத இடத்தில் இந்தப் பையனை ஒளித்து வை என்றார். மூன்றரையிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேர், நூற்றுக்குத் தொண்ணூறு சரி. கண்ணாமூச்சி ஆடின பிள்ளைக்கு அடுத்தவன் கண் தெரியாதா? மலைதான் அதற்குப் புரியவில்லை. இதையும் எழுது, உன் கட்டுரைக்குக் கனம் வரும். மே சோளத்தை எடுத்துக்கொண்டு போனது தனக்காகவா? வழியில் ஓர் ஆடு அதைத் தின்ன வருகிறது. இது அம்மாவுக்கு என்று சொல்லித் தர மறுக்கிறாள். சுயநலம் என்று நீ எழுதியதை அந்த ஆட்டிடம் போய்ச் சொல்.

இனி சோளத்துக்கே வருகிறேன், இந்தப் படத்தில் உனக்குக் கிடைத்த பொக்கிஷம் அதுதான். தர்க்கம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். இருக்கிறது அம்மா, நன்றாகவே இருக்கிறது. தோட்டத்தில் பாட்டி என்ன சொன்னார்? என் காய்கறி சாப்பிட்டால் உங்கள் அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாகும் என்றார். கிராமத்துப் பெரியவர்கள் வாய்நிறையச் சொல்கிற சொல். மே அதை மருத்துவர் சீட்டாக வாங்கிக்கொண்டாள். அவ்வளவுதான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பாட்டி தோட்டத்துச் சோளம் குணமாக்கும். சோளம் என் கையில் இருக்கிறது. அப்படியானால் நான் போக வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்திருக்கிறது?

அறுந்தது ஒன்றே ஒன்று. ஒரு தனிச் செய்தியிலிருந்து நேரே இன்னொரு தனிச் செய்திக்குத் தாவுகிறாள், நடுவே பொதுவிதி இல்லை. என்ன நோய், எவ்வளவு நாள், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், எதுவும் இல்லை. பியாஜே தன் மகளிடமே இதைக் குறித்து வைத்தார். நான் இன்னும் மத்தியானத் தூக்கம் தூங்கவில்லை, அதனால் இன்னும் மத்தியானம் ஆகவில்லை என்றாளாம் அந்தக் குழந்தை. தூக்கமும் மத்தியானமும் சேர்ந்தே வரும், அதனால் ஒன்று இல்லையென்றால் மற்றதும் இல்லை. சோளமும் சுகமும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டன.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒருமுறை காய்ச்சல் வந்து நாலு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் வகுப்பில் கீரைப் பாடம். முருங்கைக்கீரை சாப்பிட்டால் உடம்புக்கு வராது என்று பாட்டாகவே பாட வைத்திருந்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் ஒரு குட்டி. யூனிபார்ம் பாவாடையில் பச்சைக் கறை, உள்ளங்கையில் பிடித்துப் பிடித்து வாடிப்போன முருங்கைக் கொத்து. வாங்கி வைக்கிறேன் தங்கம் என்றால் விடவில்லை. “இப்பவே சாப்பிடுங்க டீச்சர், நான் பாக்குறேன்” என்று நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். பச்சையாக நாலு இலையை மென்று காட்டின பிறகுதான் எழுந்தாள். போகும்போது என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் திரும்பிப் போன அன்று, தான் கீரை கொடுத்ததால்தான் டீச்சர் வந்தார்கள் என்று வகுப்பு முழுக்க ஏற்கெனவே அறிவிப்பு ஆகியிருந்தது. காய்ச்சல் தானாக இறங்கியது என்று நான் என்ன விளக்க? சான்று அவள் பக்கம் இருந்தது.

சாட்சுகியைச் சொல்ல மறந்தேன். சமைப்பதும் சாப்பாடு கட்டுவதும் நிலைக்குச் சான்று ஆகாது. நம்மூரில் ஏழு வயதுப் பிள்ளைகள் உலை வைப்பதைப் பார்த்திருக்கிறேன், அது வீட்டு நிலைமை. சாட்சுகி பாட்டியிடம் நின்று அழும் காட்சியைத் திரும்பப் பார். போன தடவையும் இப்படித்தான், சளி மாதிரி, கொஞ்ச நாள்தான் என்றார்கள் என்று சொல்கிறாள். போன தடவையை இந்தத் தடவையோடு வைத்துப் பார்க்கிறாள். சொன்னதையும் நடந்ததையும் ஒப்பிடுகிறாள். அடுத்து என்ன ஆகலாம் என்று போய்விடுகிறாள், அம்மா செத்துப்போய்விட்டால் என்ற இடம் வரைக்கும். அப்பழுக்கில்லாத கணக்கு, அதுதான் அவளைக் கதற வைக்கிறது. பருப்பொருள் செயல்நிலையா, அடுத்ததன் வாசற்படியா என்று நீ வாதாட வேண்டிய இடம் அது. எந்தப் பக்கம் நின்றாலும் அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு நில்.

*

வடசென்னை வாசகன் எழுதியது:

டீச்சர் சொன்ன சோளக் கணக்கு அருமை. ஆனால் எனக்கு ஒரு குறை உண்டு. எதற்கு ஜப்பான் வரைக்கும் போக வேண்டும், ‘காக்கா முட்டை’ இல்லையா? 2015இல் தியேட்டருக்கு வந்தது, மணிகண்டன் படம். சைதாப்பேட்டையோ வியாசர்பாடியோ, அந்தப் பிள்ளைகளை எனக்குப் பக்கத்துத் தெருவில் தெரியும்.

சும்மா சொல்லவில்லை, கோட்பாட்டுக்கே அது நல்ல உரைகல். பெரிய காக்கா முட்டைக்கும் சின்ன காக்கா முட்டைக்கும் பீட்சா வேண்டும். ரயில் தண்டவாளத்து ஓரம் கரி பொறுக்கி விற்றுக் காசு சேர்க்கிறார்கள். காசோடு போனால் உள்ளே விடவில்லை. ஏன் என்று யோசிக்கிறார்கள்: சட்டை அழுக்கு. அப்போது நல்ல சட்டை போட்டால் விடுவார்கள். அதையும் சம்பாதித்துப் போட்டுக்கொண்டு போனால், பெரியவனுக்குக் கன்னத்தில் அறை. ஒரு காரணத்தை ஊகித்து, அதை மட்டும் மாற்றிப் பார்த்து, முடிவைக் கவனித்தார்கள். பதினொன்றுக்கு மேல்தான் வரும் என்று நம் புத்தகம் சொல்கிற முறையான சிந்தனைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது இது. பிள்ளைகள் ஊகித்தது ஏன் பொய்த்தது? அவர்கள் மூளை வளராததாலா? கடை அவர்களைப் பார்த்த விதம் சட்டையோடு மாறவில்லை. அந்த இடத்தை அளக்க பியாஜேயின் நாலு படிக்கட்டில் அளவுகோலே கிடையாது.

1985இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஒரு ஆய்வு. தெருவில் தேங்காய், பழம் விற்கும் பிள்ளைகளிடம் வாடிக்கையாளர்போல் போய்க் கணக்குக் கேட்டார்கள். வியாபாரத்தில் 98 சதவீதம் சரி. அதே வகைக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தால் 37 சதவீதம். கரஹெர் தம்பதியும் ஷ்லீமனும் செய்தது. ஐந்தே பிள்ளைகள்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் தாளை மட்டும் பார்த்து ‘இந்தப் பிள்ளை இந்த நிலை’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய எண்.

இன்னொன்று, தேன்மொழி. கட்டுரையில் ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கியைச் சேர்த்தால் ‘சாரம் கட்டுதல்’ (பிள்ளையால் தனியாக முடியாததைப் பெரியவர் கைகொடுத்துச் செய்யவைப்பது) அவர் சொன்ன சொல் என்று எழுதிவிடாதீர்கள், பல கைடுகளில் அப்படித்தான் இருக்கிறது. அவர் 1934லேயே இறந்துவிட்டார். அந்தச் சொல்லை உட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல் ஒரு கட்டுரையில் கொண்டுவந்தார்கள்.

*

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

வாசகன் தம்பி, ஒப்புக்கொள்கிறேன். ஆயா தோசைமேல் காய் தூவிப் பீட்சா என்று சுட்டுக் கொடுப்பாரே, அதுவும் தன்வயப்படுத்துதல்தான், அறுபது வயதுக்கு மேல்! அது பிள்ளைகளுக்கு மட்டும் என்று யார் சொன்னது? ஆனால் இந்தப் பிள்ளை டோட்டோரோவில் பாதி எழுதியாயிற்று, இப்போது படத்தை மாற்றச் சொல்லாதே. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கும்போது மாணவர்களுக்கு வரும் காய்ச்சல் எனக்குத் தெரியும், அதற்கு முருங்கைக்கீரை கேட்காது.

*

தேன்மொழி (பி.எட். முதலாண்டு) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், சுயநலத்தை அடித்துவிட்டேன். ஆட்டையும் சேர்த்துவிட்டேன். வாசகன் அண்ணா, பிரேசில் ஆய்வை ‘கோட்பாட்டின் குறைகள்’ என்ற பகுதியில் வைக்கிறேன்.

நேற்று சனிக்கிழமை, வழக்கம்போல் படம் ஓடியது. நீங்கள் சொன்னீர்களே, பியாஜே ‘ஏன்’ என்று கேட்டார் என்று. நானும் கேட்டுப் பார்த்தேன். மே தொலைந்துபோன இடத்தில் நிறுத்தினேன். (ரிமோட்டைப் பிடுங்கப் பெரிய சண்டை, அதை விடுங்கள்.) மே ஏன் சோளத்தை எடுத்துக்கொண்டு போகிறாள் என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டேன்.

பெரியவள் சொன்னது: “அந்தப் பாட்டி சும்மா சொன்னாங்க சித்தி, சோளம் மருந்தா? மே சின்னப் பிள்ளை, அவளுக்கு அது தெரியல.” மேக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பிரித்துச் சொல்லிவிட்டாள். எனக்கு ஒரு பத்தி கிடைத்துவிட்டது.

சின்னவள் சொன்னதில்தான் குழப்பம். “அவங்க அம்மாவுக்குப் பசிக்கும்ல?” என்றாள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதற்காகத்தானே என்றேன். “உடம்பு சரியில்லன்னா பசிக்காதா? ஆஸ்பத்திரில இட்லி நல்லாருக்காது” என்றாள். போன மாதம் அவளுக்கே வயிற்றுப்போக்கு, இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். இதை எந்த நிலையில் எழுதுவது டீச்சர்? தன் அனுபவத்தை மேயின் அம்மாமேல் வைக்கிறாள், அதனால் தன்மைய நோக்கா? இல்லை, படுத்திருக்கிறவர் பக்கமிருந்து பார்க்கிறாள், அதனால் அதற்கு நேர் எதிரா?

*

ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் எழுதியது:

இரண்டுக்கும் ஆதாரம் இருக்கிறது என்று அப்படியே எழுது கண்ணு. அவள் சொன்ன வார்த்தையை ஒரு எழுத்து மாற்றாமல் போடு, ‘நல்லாருக்காது’ என்பதை ‘சுவையாக இருக்காது’ என்று திருத்திவிடாதே. கீழே உன் இரண்டு விளக்கத்தையும் வை. முடிந்தால் அடுத்த சனிக்கிழமை இன்னொரு கேள்வி கேள்: சோளத்துக்குப் பதில் மே இட்லி எடுத்துக்கொண்டு போயிருந்தால் அம்மாவுக்கு உடம்பு சரியாகியிருக்குமா என்று. என்ன சொன்னாள் என்று இங்கே வந்து எழுது. அந்த ஆஸ்பத்திரி இட்லி எப்படி இருந்தது என்பதையும் கேட்டுச் சொல், எனக்குத் தெரிய வேண்டும்.